சிரிப்பும் பயமும் தேய்வதேன்? ஜந்துப் படங்களின் அடுத்தடுத்த பாகங்கள் குறித்து

1933 மார்ச்சில் ‘கிங் காங்’ வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சன் ஆஃப் காங்’ வந்துவிட்டது. முதல் படத்தில் நியூயார்க்கையே கதிகலங்க வைத்த ராட்சதக் குரங்குக்கு இரண்டாவதில் ஒரு மகன்: வெள்ளை ரோமம், சாதுவான சுபாவம், கொஞ்சம் கோமாளித்தனம். பிரமாண்டத்தில் முன்னதை மிஞ்ச முடியாது என்று தெரிந்தே திரைக்கதையாசிரியர் ரூத் ரோஸ் சிரிப்பின் பக்கம் சாய்ந்தார். செலவு பாதிக்கும் குறைவு, படத்தின் நீளமும் குறைவு. கையைக் கடிக்கவில்லை, கொஞ்சம் லாபமும் வந்தது. ஆனாலும் ‘கிங் காங்’ பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய பலருக்கு அதற்கு இப்படியொரு மகன் இருந்ததே நினைவில்லை.

பயமுறுத்தவும் சிரிக்கவைக்கவும் தெரிந்த ஒரு ஜந்துப் படம் வெற்றி பெற்றால், அடுத்த பாகம் ஏன் பெரும்பாலும் சப்பென்று போகிறது? இந்தக் கேள்வியின் வயது ஏறத்தாழ அந்தக் குட்டிக் குரங்கின் வயதுதான். பதில்களும் நிறையச் சேர்ந்திருக்கின்றன. தயாரிப்பாளர்கள் பணத்தைக் காட்டுகிறார்கள், விமர்சகர்கள் கற்பனை வறட்சியை, தத்துவம் படித்தவர்கள் பயத்தின் இயல்பை, புள்ளியியல்காரர்கள் சராசரியை. இந்தப் பதில்களைச் சோதித்துப் பார்க்க ‘ட்ரெமர்ஸ்’ வரிசையை முதன்மைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். 1990 முதல் 2020 வரை ஏழு படங்கள். ஜந்து ஒன்றே, ஏழிலும் வரும் நடிகரும் ஒருவரே. அவரைச் சுற்றி நாயகன், பட்ஜெட், வெளியீட்டு முறை, எழுதியவர்கள், ஊர் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போயின. எது மாறியபோது எது கெட்டது என்று பார்க்க இவ்வளவு வசதியான வரிசை வேறு கிடைப்பது அரிது.

முதல் படத்தில் இருந்தது என்ன

ரான் அண்டர்வுட் இயக்கிய ‘ட்ரெமர்ஸ்’ 1990 ஜனவரியில் வந்தது. எழுதியவர்கள் எஸ். எஸ். வில்சன், பிரென்ட் மேடாக். நெவாடா பாலைவனத்தில் பெர்ஃபெக்‌ஷன் என்ற கையளவு ஊர். கிடைத்த கூலி வேலையைச் செய்து பிழைக்கும் வால் (கெவின் பேகன்), ஏர்ல் (ஃப்ரெட் வார்டு) என்று இரண்டு பேர். மண்ணுக்கடியில் நீந்தி, காலடி அதிர்வை வைத்தே இரையைக் கண்டுபிடித்து விழுங்கும் ராட்சதப் புழுக்கள். கதை இவ்வளவுதான்.

இந்தக் கதை சொல்லப்படும் வரிசைதான் கவனிக்க வேண்டியது. லாரியின் அடியில் சிக்கிய பாம்பு போன்ற ஒன்றைத்தான் ஊர்க்காரர்கள் முதலில் பார்க்கிறார்கள். ஜந்து அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். கடைக்காரர் வால்டர் சாங் அதைப் பேரம் பேசி வாங்கி, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளக் காசு வசூலிக்கிறார். அது முழு ஜந்து அல்ல, அதன் நாக்குகளில் ஒன்று என்பது பிறகுதான் தெரியவருகிறது. அதிர்வில்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறது, பாறைக்குள் அதனால் புக முடியாது, ஒன்றல்ல நான்கு இருக்கின்றன: எல்லாமே உயிரைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்ட பாடங்கள். புழுக்களும் சும்மா இல்லை. வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டுகின்றன, புல்டோசருக்குப் பள்ளம் வெட்டி வைக்கின்றன, எறிந்த வெடிகுண்டைத் திருப்பித் துப்புகின்றன. எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் படம் கடைசிவரை சொல்வதில்லை. பாத்திரங்கள் நாலைந்து ஊகங்களை உதிர்த்துவிட்டு ஓடத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிரிப்பும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. யாரும் நகைச்சுவை வசனம் பேசுவதற்காக நிற்கவில்லை. சாதாரண ஆட்கள் அசாதாரணமான பிரச்சினையைத் தங்களுக்குத் தெரிந்த அரைகுறை அறிவால் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம், அதே நேரம் அவர்களுக்காகப் பதறவும் செய்கிறோம்.

பணத்தைக் காரணம் காட்டும் வாதம்

மிகப் பழைய பதில் இதுதான், உண்மையும் இதில் நிறைய இருக்கிறது. சுமார் 1.1 கோடி டாலரில் எடுத்த ‘ட்ரெமர்ஸ்’, அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 1.67 கோடி டாலர்தான் வசூலித்தது. அதை வாழவைத்தது வீடியோ கேசட் வாடகைக் கடை. இரண்டாம் பாகம் திரையரங்குக்குப் போகாமல் 1996-இல் நேரடியாகக் கேசட்டில் வந்ததற்கும் அதுவே காரணம். பட்ஜெட் முதல் படத்தில் பாதிகூட இல்லை. கெவின் பேகன் ‘அப்பல்லோ 13’ பக்கம் போய்விட்டார்.

வாடகைக் கடையில் கேசட்டை எடுப்பவர் அட்டையைப் பார்த்து எடுக்கிறார். தெரிந்த பெயரும் தெரிந்த முகமும் அட்டையில் இருந்தால் போதும், படம் முன்னதைவிட நன்றாக இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ‘கிரிட்டர்ஸ்’ வரிசையும் இதே பாதையில் போனது. 1986-இல் வந்த முதல் படம் தன் சிறிய செலவைப்போலப் பல மடங்கு ஈட்டியது. 1988-இல் மிக் கேரிஸ் இயக்கிய இரண்டாவது திரையரங்கில் தோற்றது. மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்துப் படமாக்கப்பட்டு நேரே வீடியோவுக்குப் போயின. மூன்றாவது இன்றைக்கு நினைக்கப்படுவது லியோனார்டோ டிகாப்ரியோவின் முதல் படம் என்பதற்காகத்தான். நான்காவதில் கதையை விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள். (பூமியில் யோசனை தீர்ந்த ஹாரர் வரிசைகள் ராக்கெட் ஏறுவது 1990-களின் வழக்கம். ‘லெப்ரிகான்’ போனது, ‘ஹெல்ரைசர்’ போனது.)

ஆனால் இந்த வாதம் ஒரு படத்தின் முன் நின்றுவிடுகிறது. 1984-இல் வந்த ‘கிரெம்லின்ஸ்’ சுமார் 1.1 கோடி டாலர் செலவில் உருவாகி அமெரிக்காவில் மட்டும் 14 கோடிக்கு மேல் ஈட்டியது. 1990-இல் வந்த இரண்டாம் பாகத்துக்குச் செலவு நான்கு மடங்குக்கு மேல். அதே இயக்குநர் ஜோ டாண்டே, இம்முறை முழுச் சுதந்திரத்தோடு. பொம்மைகளைச் செய்யக் கலைஞர் ரிக் பேக்கர். வசூலோ 4 கோடியைச் சற்றே தாண்டியது, செலவைக்கூட எட்டவில்லை. பணமில்லாதது ஒரு தொடர்ச்சியைக் கெடுக்கலாம். பணம் இருந்தால் அது காப்பாற்றப்படும் என்று சொல்வதற்கில்லை.

தெரிந்துவிட்ட ஜந்து

தத்துவப் பேராசிரியர் நோயல் கேரல் 1990-இல் எழுதிய ‘தி ஃபிலாசஃபி ஆஃப் ஹாரர்’ நூலில், ஹாரர் கதையை நகர்த்துவது பயத்தைவிட ஆர்வமே என்றார். நமது வகைப்பாடுகளுக்குள் அடங்காத ஒன்று வருகிறது. அது என்ன, எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடிக்கும் ஆவலில் அருவருப்பையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சிரிப்பையும் ஹாரரையும் சேர்த்து ஆராய்ந்த பின்னாளையக் கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொன்னார்: பொருந்தாதவை பொருந்தி நிற்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. அந்த உருவத்தால் ஆபத்து என்று தோன்றினால் நடுங்குகிறோம், ஆபத்தில்லை என்றால் சிரிக்கிறோம்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் தொடர்ச்சிகளின் நோய்க்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. முதல் படம் முடியும்போது ஜந்துவின் சட்டதிட்டம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஆர்வத்துக்கு வேலையில்லை. எப்படிக் கொல்வது என்பதும் தெரிந்துவிட்டதால் ஆபத்தும் சுருங்கிவிடுகிறது. ஆபத்து சுருங்கிய இடத்தில் வெறும் கேலி மட்டும் மிஞ்சும்.

இதைத் தயாரிப்பாளர்கள் உணராமல் இல்லை. அவர்கள் பிடித்துக்கொண்ட வழி, ஜந்துவை மாற்றுவது. ‘ட்ரெமர்ஸ் 2’-இல் புழுவின் வயிற்றிலிருந்து இரண்டு காலில் ஓடும் ‘ஷ்ரீக்கர்’ வந்தது. 2001-இல் வந்த மூன்றாவதில் ஷ்ரீக்கர் உருமாறிப் பறக்கும் ‘ஆஸ் பிளாஸ்டர்’ ஆனது. 2015-இல் வந்த ஐந்தாவதில் தென்னாப்பிரிக்கப் புழு இன்னும் பெரிது, அதன் நாக்குகள் வாயைவிட்டுத் தனியே கழன்று வந்து தாக்கும். 2018-இல் வந்த ஆறாவதில் அது கனடாவின் வடகோடியில் முளைத்தது. பனிப் பிரதேசம் என்று விளம்பரம் செய்த அந்தப் படத்தின் பெரும்பகுதியில் பனியே கிடையாது, படப்பிடிப்பு நடந்தது தென்னாப்பிரிக்காவில். இவ்வளவு மாற்றியும், ஐந்திலும் ஆறிலும் இல்லாத உயிர்ப்பு இரண்டில் இருப்பதாகப் பலரும் கருதுகிறார்கள். புதுமைதான் மருந்து என்றால் அது எல்லாவற்றிலும் வேலை செய்திருக்க வேண்டாமா?

என் கணிப்பில், விடை ஜந்துவிடம் இல்லை, அதை எதிர்கொள்கிறவர்களிடம் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஏர்லும் புதுக் கூட்டாளியும் மெக்சிகோ எண்ணெய் வயலில் புழு வேட்டையைக் காண்ட்ராக்ட் எடுக்கிறார்கள். தலைக்கு 50,000 டாலர். ரிமோட் பொம்மைக் கார்களில் வெடிகுண்டைக் கட்டி ஓட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாக வெடிக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவர்களின் அலட்சியம். அப்போதுதான் ஷ்ரீக்கர் வருகிறது. அதற்குக் காது கிடையாது, உடல் சூட்டைத்தான் அது பார்க்கிறது. அசையாமல் இருந்தால் பிழைக்கலாம் என்று முதல் படம் கற்றுக்கொடுத்த பாடம் இப்போது ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. தின்னத் தின்ன அது பெருகும், ஆகவே கையிருப்பு உணவு மூட்டையே எமனாகிறது. பழைய அறிவைப் பயனற்றதாக்கிக் காட்டியதால்தான் கதாபாத்திரங்களும் நாமும் மறுபடி ஒன்றும் தெரியாதவர்கள் ஆனோம். வெறுமனே அளவையும் ஊரையும் மாற்றிய பாகங்களில் இது நிகழவில்லை.

2004-இல் வந்த நான்காம் பாகம் இதற்கு நேர்மாறான வழியில் அதே இடத்தை அடைய முயன்றது. கதை 1889-க்குப் பின்னோக்கிப் போகிறது. நமக்குப் புழுவைத் தெரியும், படத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. குறைந்த செலவில் எடுத்த சுமாரான படம்தான். ஆனாலும் அதில் யாரோ எதையோ கற்றுக்கொள்கிறார்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே அது பின்னால் வந்தவற்றைவிட மேல்.

ஓரத்தில் இருந்தவர் நடுவில் வந்தபோது

அடுத்த விளக்கம் மேலே சொன்னதோடு ஒட்டியது. பர்ட் கம்மர் என்ற பாத்திரம் இல்லாமல் ‘ட்ரெமர்ஸ்’ பற்றிப் பேச முடியாது. தொலைக்காட்சித் தொடரான ‘ஃபேமிலி டைஸ்’-இல் சாந்தமான அப்பாவாக வந்துகொண்டிருந்த மைக்கேல் கிராஸ், இதில் உலகப்போருக்கே தயாராகத் துப்பாக்கியும் டப்பா உணவும் சேர்த்து வைத்திருப்பவராக வந்தார். முதல் படத்தில் அவர் துணைப் பாத்திரம். நிலவறைச் சுவரை உடைத்துக்கொண்டு புழு உள்ளே வரும்போது, சுவர் முழுக்க மாட்டியிருக்கும் துப்பாக்கிகளை மனைவியும் அவருமாக ஒவ்வொன்றாகக் காலிசெய்கிறார்கள். எல்லாப் பேரழிவுக்கும் தயாரானவர், இந்த ஒன்றை மட்டும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காட்சியின் சுவை அதில்தான்.

மூன்றாம் பாகத்தில் அவர் நாயகன் ஆனார், அதன்பின் வரிசையே அவருடையது. சிக்கல் என்னவென்றால், பர்ட் சிரிப்பூட்டியது தன் அளவுமீறிய எச்சரிக்கையால். பக்கத்தில் வால், ஏர்ல் போன்ற சாமானியர்கள் இருக்கும்வரைதான் அது அளவுமீறியதாகத் தெரியும். எல்லோரும் அவர் பேச்சைக் கேட்டு நடக்கும் உலகில் அவர் செய்வதெல்லாம் சரியாகிவிடுகிறது. ஊறுகாயைச் சோறாகப் பரிமாறினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஆறாம் பாகத்தில் புழுவின் ஒட்டுண்ணி அவர் உடம்பிலேயே புகுந்திருப்பதாகவும், உயிரோடு ஒரு புழுவைப் பிடித்தால்தான் மருந்து என்றும் கதை கட்டினார்கள். நாயகனைப் பலவீனப்படுத்தும் நல்ல யோசனைதான். ஆனால் படுத்துவிட்ட பர்ட்டின் இடத்தில் ஓயாமல் நகைச்சுவை வசனம் பேசும் மகன் நிற்கிறார், ஆபத்து தன் பங்குக்கு ஓர் ஓரமாக நிற்கிறது.

இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. நான்காம் பாகத்தில் மைக்கேல் கிராஸ் பர்ட்டின் மூதாதையான ஹைரம் கம்மராக வருகிறார். துப்பாக்கியைப் பிடிக்கவே தெரியாத, கோட்டு கசங்காத சுரங்க முதலாளி. அதே நடிகர் நடுநாயகமாக இருந்தும் அங்கே சிரிப்பு வருகிறது. ஆகவே துணைப் பாத்திரத்தை நாயகனாக்குவது தன்னளவில் தவறில்லை போலும். அவரை எல்லாம் தெரிந்தவராகவே வைத்திருப்பதுதான் தவறு.

தன்னையே கேலி செய்துகொள்ளும் படம்

விமர்சகர்கள் அதிகம் சண்டையிட்ட இடம் இது. அடுத்த பாகம் எடுப்பதே அபத்தம் என்று படமே ஒப்புக்கொண்டு சிரித்தால் என்ன? ‘கிரெம்லின்ஸ் 2’ அதைத்தான் செய்தது. நள்ளிரவுக்குப் பிறகு உணவு கொடுக்கக்கூடாது என்ற புகழ்பெற்ற விதியைப் பாத்திரங்களே குடைகிறார்கள்: விமானத்தில் நேர மண்டலம் தாண்டினால் எந்த நள்ளிரவு? முதல் படத்தைக் குறைசொன்ன விமர்சகர் லெனார்ட் மால்டின் அவராகவே தோன்றி, திட்டிக்கொண்டிருக்கும்போதே ஜந்துகளிடம் மாட்டுகிறார். நடுவில் ஃபிலிம் அறுந்துபோனதாக ஒரு விளையாட்டு. வீடியோ கேசட்டுக்கு அந்த இடத்தில் வேறொரு விளையாட்டைத் தனியே தயாரித்தார்கள்.

முதல் படத்தின் கிறிஸ்துமஸ் இருட்டைத் தேடிப் போனவர்களுக்கு இது ஏமாற்றம். பின்னர் வந்த பலருக்கு இதுவே முதல் படத்தைவிடத் துணிச்சலான படம். இரண்டு தரப்பும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறது என்பதால், ஏமாற்றம் படத்தில் இருக்கிறதா எதிர்பார்ப்பில் இருக்கிறதா என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாததாகிறது. டாண்டே பயத்தை முழுக்கக் கைவிட்டு வேறு வகைப் படத்துக்கே போய்விட்டார் என்பதுதான் அவரது வெற்றி என்று தோன்றுகிறது. பாதி தூரம் போனவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 2010-இல் அலெக்ஸாண்டர் ஆஜா எடுத்த ‘பிரான்யா 3டி’ உலகெங்கும் 8 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2012-இல் வந்த அதன் தொடர்ச்சியோ தலைப்பிலேயே கொச்சைச் சிலேடையை வைத்து, டேவிட் ஹாசல்ஹாஃபை அவராகவே நடமாடவிட்டு, எதையும் பொருட்படுத்தாதே என்று காட்சிக்குக் காட்சி கண்ணடித்தது. பார்வையாளர்களும் பொருட்படுத்தவில்லை, ஒரு கோடிகூடத் தேறவில்லை.

இதற்கு ஒரு பழைய எதிர்ச்சான்று உண்டு. யுனிவர்சல் நிறுவனத்தின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வரிசை 1931-இல் தொடங்கி 1940-களின் நடுவில் தேய்ந்துபோனது. 1948-இல் அந்த ஜந்துகளை அபட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை ஜோடியோடு மோதவிட்டார்கள். படம் பெரிய வெற்றி. அதில் பெலா லுகோசியின் டிராகுலாவும் லான் சேனி ஜூனியரின் ஓநாய் மனிதனும் ஒரு நொடிகூடச் சிரிப்புக்காக நடிக்கவில்லை. கோமாளிகள் கோமாளிகளாகவும் பூதங்கள் பூதங்களாகவும் இருந்தார்கள். அந்தக் கோட்டை அழிக்காத தொடர்ச்சி தப்பிக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அதே ஜோடி கண்ணுக்குத் தெரியாத மனிதனையும் மம்மியையும் சந்தித்த படங்கள் அந்த உயரத்தை எட்டவில்லை. சூத்திரம் கையில் இருந்தும் சரக்கு தேய்ந்தது.

கை மாறியதாலா?

மூலப் படைப்பாளிகள் விலகியதே காரணம் என்பது ரசிகர்களின் பிரியமான பதில். ‘ட்ரெமர்ஸ்’ வரிசையின் முதல் நான்கு படங்களிலும் வில்சனும் மேடாக்கும் இருந்தார்கள், ஐந்தாவது முதல் இல்லை. சரிவும் அங்கேதான் கூர்மையாகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலரும் குறைசொல்லும் மூன்றாம் பாகத்தை இயக்கியவரே மேடாக். மறுபக்கம், ‘கிரெம்லின்ஸ்’ கதையை எழுதிய கிறிஸ் கொலம்பஸ் இல்லாமல்தான் இரண்டாம் பாகம் அதன் ரசிகர்களைச் சம்பாதித்தது.

ஏமாற்றமே ஒரு கணக்குத் தோற்றமா

புள்ளியியல் படித்தவர்கள் இந்த விவாதம் முழுவதையும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வெற்றி பெற்ற படத்துக்குத்தான் தொடர்ச்சி எடுக்கப்படுகிறது. வெற்றியில் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அடுத்த முறை அதிர்ஷ்டம் சராசரிக்குத் திரும்பும். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தில் கண்ட அதே போக்கு. மறுக்க முடியாத வாதம், ஆனால் அரைகுறையானது. சராசரியாக ஏன் குறைகிறது என்பதை அது சொல்லும். இந்த வகைப் படங்கள் ஏன் ஒரே விதமாக, பயம் முதலில் போய்ச் சிரிப்பு பிறகு போய், கெடுகின்றன என்பதைச் சொல்லாது.

உம்பெர்த்தோ எகோ 1980-களில் தொடர்கள் பற்றி எழுதியபோது வேறு திசையைக் காட்டினார். தொடரைப் பார்ப்பவர் புதுமைக்காக வருவதில்லை, ஏற்கெனவே தெரிந்தது திரும்பி வருவதைக் காணவே வருகிறார் என்பது அவர் பார்வை. ஏழு படங்கள் ஓடியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. பர்ட் தொப்பியைச் சரிசெய்து, துப்பாக்கியை எடுத்து, அரசாங்கத்தைத் திட்டத் தொடங்கும்போது சிலருக்கு அதுவே போதும். அந்த ரசிகரைப் பொறுத்தவரை ‘ஏமாற்றம்’ என்ற பேச்சே முதல் படத்தை மட்டும் பார்த்தவர்களின் பேச்சு. ஆனால் அந்த ரசிகர்களும் இந்த ஏழில் எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலும் முதலாவதையே சொல்வார்கள்.

தீராமல் இருப்பவை

கற்றுக்கொள்ளும் கதாபாத்திரம் இருக்கும்வரை தொடர்ச்சி பிழைக்கும் என்ற வாதமே மேலே பார்த்தவற்றில் அதிக இடங்களில் பொருந்துகிறது. ஆனால் அதைத் திடமாக நிறுவப் போதிய சான்று இல்லை. எளிய பட்ஜெட்டும் எழுத்தாளர் மாற்றமும் எல்லாம் தெரிந்த நாயகனும் ஐந்தாம், ஆறாம் பாகங்களில் ஒன்றாகவே வந்து சேர்ந்ததால், எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. 2020-இல் வந்த ஏழாம் பாகம் பர்ட்டைச் சாகடித்தது. அவர் இல்லாமல் இந்த வரிசை தாங்குமா என்பது இனிதான் தெரிய வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பு வந்து நழுவியது. முதல் படத்துக்கு 25 ஆண்டுகளுக்குப் பின் பெர்ஃபெக்‌ஷனுக்குத் திரும்பும் வாலாகக் கெவின் பேகன் மீண்டும் நடிக்க, வின்சென்சோ நட்டாலி இயக்கத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டப் பகுதி படமாக்கப்பட்டது. 2018-இல் சிஃபை அலைவரிசை தொடர் வேண்டாம் என்று முடிவுசெய்தது, அந்தப் பகுதி ஒளிபரப்பாகவில்லை.